திருக்கைத் தோலில் ஒரு மடிப்பு

எங்கள் பட்டறையில் எனக்கு இரண்டு வேலை. காலையில் பசை பூசுவேன். மதியத்துக்கு மேல் நடப்பேன்.

நடப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கையால் தைத்த புது பூட்ஸை ஒருநாளும் போட்டிருக்க மாட்டார்கள். முதல் பத்து நாள் அது காலுக்கு மாட்டிய பெட்டிதான். எங்கள் மாஸ்டரிடம் பூட்ஸ் சொல்லிவைப்பவர்கள் நாலைந்து மாதம் காத்திருந்து வாங்குகிறவர்கள். அப்படிக் காத்திருந்தவரை முதல் நாளே பூட்ஸ் கடித்துவிடக் கூடாது என்று மாஸ்டர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். தைத்து முடித்ததும் அதே அளவுக் கால் உள்ள ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஜன்னலோரம் கிடக்கும் பன்னிரண்டடிப் பலகையில் தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அடித்தோலில் கீறல் விழாமல் இருக்கக் காகித நாடா ஒட்டியிருப்போம். பத்து நாளில் தோல் எங்கே மடியவேண்டுமோ அங்கே மடிந்து, சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும்.

என் கால் எட்டாம் நம்பர். வருகிறவர்களில் பாதிப்பேர் எட்டாம் நம்பர். அதனால் எனக்கு நடைக்குக் குறைவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் நான் நடையண்ணன்.

தையல் மிஷினில் உட்காரும் அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள். "பதினோரு வருஷமா நடக்கறீங்க நடையண்ணே, இன்னும் இந்தச் சுவரத் தாண்டலயே" என்பாள்.

"தாண்டிட்டா உனக்கு யாரும்மா பேச்சுத் துணை?" என்பேன்.

அதற்குமேல் பேச்சு வளராது. மிஷின் சத்தத்தில் எந்தப் பேச்சும் வளராது. வேலை முடிந்து அறைக்குப் போனால் அங்கே மிஷின் சத்தம்கூட இல்லை. கல்யாணம் என்று ஒன்று இரண்டு தடவை என் வாசல் வரைக்கும் வந்து, விலாசம் தப்பு என்று திரும்பிப் போய்விட்டது. பட்டறைக்கு வருமுன் இருபது வருஷம் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கினேன். அதில் மிச்சம் என்று சொல்ல, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து விழும் இடதுகால் ஒன்றுதான்.

எழுத்தும் இங்கே வந்த பிறகு படித்ததுதான். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் அவர் கால் மாதிரியே செதுக்கிய மரக்கட்டை ஒரு ஜோடி சுவரில் தொங்கும். அதில் சீட்டுக் கட்டியிருக்கும். சீட்டைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் தோலை இன்னொருவர் கட்டையில் ஏற்றிவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. நாற்பத்து மூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் சங்க அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். இன்றைக்கும் விரல் வைத்துத்தான் படிக்க வரும்.

வாடிக்கைக்காரர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலைச் சொல்வோம். வாத்துக்கால், பல்லாக்கு, தட்டை. அதில் ஒருவர் சுண்டுவிரல். அவருக்கு இரண்டு கால் சுண்டுவிரலும், வரிசையில் நிற்கப் பிடிக்காதவன் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மாஸ்டர் அவர் கட்டையில் அந்த இடத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டிப் புடைப்பாக்கி வைத்திருந்தார். அதனால் அவர் பூட்ஸில் பக்கத்துக்கு ஒரு சின்ன அறை இருக்கும். மற்றபடி அவர் கால் அப்படியே என் கால். குதிகால் அகலம், மேல்பாதத்தின் ஏற்றம், எல்லாம். ஒன்பது வருஷம் அவர் பூட்ஸில் நடந்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததில்லை.

என் சுண்டுவிரல் அந்த அறைக்கு எட்டாது. அதனால் அவர் பூட்ஸில் ஏறுமுன் துணி சுற்றிய பஞ்சு உருண்டையைக் காலுக்கு ஒன்றாக அங்கே அடைத்துக்கொள்ள வேண்டும். அடைக்காமல் நடந்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்து உள்பக்கம் மடியும். மடிந்தால் அந்த மடிப்பு போகாது. அவர் பூட்ஸ் முதன்முதல் என் கைக்கு வந்த அன்றே மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம்.

போன வருஷம் சுண்டுவிரல் திருக்கைத் தோலில் பூட்ஸ் கேட்டார்.

திருக்கை மீனைக் கருவாடாகப் பார்த்திருக்கிறேன். அதன் தோலை அப்போதுதான் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கடுகை நெருக்கி நெருக்கிப் பதித்த மாதிரி கல் மணிகள். கறுப்புச் சாயம் ஏற்றி, மேலாகத் தேய்த்து மெருகு போட்டு வந்திருந்தது. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. நடுமுதுகில் மட்டும் வெள்ளை மணிகள் கொஞ்சம் பெரிதாக, கண் மாதிரி. ஒரு மீனுக்கு ஒரு கண்தான். ஆகவே ஒரு ஜோடிக்கு இரண்டு மீன் வேண்டும். இரண்டின் கண்ணும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மாஸ்டர் மூன்று மாதம் தோல் தோலாகத் திருப்பியனுப்பி அந்த ஜோடியைச் சேர்த்தார். உயிரோடு இருந்தபோது அவை ஒன்றையொன்று பார்த்திருக்கவே மாட்டா.

தைப்பதற்குள் மிஷின்காரம்மா ஏழு ஊசியை உடைத்தாள். "மீனா இது, கருங்கல்லு" என்றாள். கடைசியில் ஓரத்து மணிகளையெல்லாம் மாஸ்டர் உட்கார்ந்து தேய்த்தெடுத்துக் கொடுத்த பிறகுதான் நூல் ஏறியது.

அதைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினேன். வெயில் ஜன்னல் வழியாக விழும் நேரம். கால் வெயிலுக்குள் போகும்போது கறுப்புக்குள்ளிருந்து ஆயிரம் புள்ளி மினுக்கியது, நிழலுக்கு வந்ததும் அடங்கியது. குனிந்து பார்த்தபடியே நடந்து எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டேன்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரியில்ல நடக்கறீங்க" என்றாள் மிஷின்காரம்மா.

"பொண்ணு பாக்கப் போறவன் கீழயா பாப்பான்?"

"நீங்க போனப்ப கீழதான் பாத்திருப்பீங்க. அதான் ஒண்ணும் அமையல."

ஏழு நாள் பஞ்சு வைத்து நடந்தேன். பஞ்சு ஒவ்வொரு அடிக்கும் விரலைத் தொட்டு, இது உன்னுடையது இல்லை, இது உன்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் பஞ்சைக் கையில் எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அப்படியே.

பத்தாம் நாள் கழற்றும்போது பார்த்தேன். வலதுக்கு ஒன்றுமில்லை. இடதில், என் கால் சாய்கிற பக்கம், சுண்டுவிரல் அறையில் ஒரு மடிப்பு. நூல் அகலம்தான் இருக்கும். வெளியே மணிக்கு மணி இருந்த இடைவெளியில் அது தெரியவே இல்லை. உள்ளே விரலை விட்டால் மட்டும் கல் விளிம்பு மாதிரி நெருடியது. தோல் மடிப்பைப் படியவைக்கும் எலும்புத் துண்டை உள்ளே விட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கொஞ்சம் படிந்தது போலிருந்தது. படிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள்.

பதினோரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மாஸ்டர் தோல் மண்டிக்குப் போயிருந்தார். பட்டறைக்கு வரும் கடிதத்தைப் பிரித்து, யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவைப்பது என் வழக்கம். படிக்கத் தெரிந்தவன் என்ற பெருமைக்காகவே அந்த வேலையை வாங்கிக்கொண்டேன்.

விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். அதே தோலில் இன்னொரு ஜோடி வேண்டும். அளவு மாறிவிட்டது, ஆள் அனுப்புங்கள். வலது பாதம் அகன்றுவிட்டது, ஏனென்றால் அது இப்போது தனியாகச் சுமக்கிறது. இடது, முழங்காலுக்குக் கீழே, ஆஸ்பத்திரியில். 'எ', 'டு', 'த்', 'து'. எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. சுண்டுவிரலில் வந்த புண்.

வேகமாகப் படிக்கிறவர்களுக்கு இப்படிச் செய்தி ஒரே அடியாக விழுந்துவிடும். எனக்கு ஒவ்வோர் எழுத்தாக வந்தது. அடுத்த எழுத்து வேறாக இருக்கக்கூடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

"யாருண்ணே?" என்றாள் மிஷின்காரம்மா.

"சுண்டுவிரல். இன்னொரு ஜோடி கேக்கறாரு."

மாஸ்டர் வந்ததும், அளவெடுக்க நான் போகிறேன் என்றேன். பதினோரு வருஷத்தில் நானாக எங்கேயும் போகிறேன் என்று சொன்னதில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி. காகிதத்துல கால வச்சு வரைங்க. பென்சில சாய்க்காதீங்க" என்றார்.

அன்று அறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். சர்க்கரை வியாதிக்காரருக்குப் புண் எப்படியும் வரும். கல் தடுக்கியிருக்கலாம். நகம் வெட்டும்போது பட்டிருக்கலாம். எல்லாம் சரிதான், அந்த மடிப்பு இருந்த இடம்தான் இடித்தது. போய்க் கேட்க வேண்டும். கேட்டால் நான் செய்ததைச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் நடை போய்விடும். நடை போனால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்க முயன்றேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

அவர் வீடு அடுக்குமாடியில் தரைத்தளம். கதவைத் திறக்க நேரமாயிற்று. உள்ளே அக்குள் கட்டை ஊன்றும் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, கொடியில் ஒரு துண்டு. என் அறையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

டிவி இருக்க வேண்டிய மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அந்த பூட்ஸ் ஜோடி நின்றது. பளபளவென்று துடைத்திருந்தது.

"பாருங்க, எப்படி வச்சிருக்கேன்னு" என்றார். "இதப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறினா, காலப் பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாப்பான். பேங்க்ல ஒரு அம்மா, சார் இது என்ன மிளகு ஒட்டினதான்னு கேட்டுச்சு. நாப்பது வருஷம் வயக்காட்டுல சங்கிலி இழுத்த காலு. அதுக்கு ஒருத்தர் மரியாதை குடுத்தது அப்பதான்."

உட்காரவைத்து அவர் வலதுகாலைக் காகிதத்தில் வைத்தேன். ஒன்பது வருஷம் இந்தக் காலின் உள்பக்கத்தில் நான் குடியிருந்திருக்கிறேன், தொட்டது இதுதான் முதல் தடவை. சூடாக இருந்தது. சுண்டுவிரல் எங்கள் கட்டையில் இருப்பதைவிட இன்னும் வெளியே நின்றது. பென்சில் அந்த வளைவைச் சுற்றி வரும்போது சாய்ந்தது.

"பென்சில் ஏன் சாயுது? சாப்பிட்டுட்டு வரலயா?" என்றார்.

அப்போதே சொல்லிவிட்டேன். பஞ்சு, எட்டாம் நாள், மடிப்பு, எலும்புத் துண்டு, எல்லாம். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் அக்குள் கட்டையை ஊன்றி எழுந்து போய் இடது பூட்ஸை எடுத்துவந்து உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டார்.

"எங்க?"

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"ம்" என்றார். "போட்ட மூணாம் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் திருப்பி அனுப்பல?"

"அனுப்பினா எத்தன நாள் வச்சிருப்பீங்க?"

"ஒரு வாரம். ரெண்டு வாரம்."

"அதான். ரெண்டு வாரம் இது இல்லாம இருக்கணுமேன்னு பாத்தேன். முதல்ல கடிச்சுது. அப்புறம் கடிக்கல. பழகிருச்சுன்னு நெனச்சேன். சக்கரைக்காரன் காலுக்கு வலி சொல்ற வாய் செத்துருங்க. காலுறைல ரத்தத்தப் பாத்தப்புறம்கூட, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்துச்சு, அதுக்கும் இதத்தான் போட்டுக்கிட்டுப் போனேன்." பூட்ஸின் மேல் மணிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "யாரும் கேக்கல அங்க, இது என்ன தோலுன்னு."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டார்.

"பஞ்ச ஏன் எடுத்தீங்க?" என்றார்.

"பஞ்சு வச்சா அது உங்க பூட்ஸ் சார். எடுத்துட்டா..."

"எடுத்துட்டா எப்படி இருந்துச்சு?"

திட்டுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். ஊரிலிருந்து வந்தவனிடம் வீட்டு மனிதர்களைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"மூட்ட தூக்கின காலுன்னு அதுக்குத் தெரியல சார்" என்றேன். "யாரோ எனக்காகக் காத்துக்கிட்டிருக்கற எடத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு. பலக பன்னண்டு அடிதான். ஆனா அப்படித்தான் இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "போய்ச் சேரத்தான் எடம் இல்ல. மருந்துக்கடைக்குப் போவேன், திரும்பி வருவேன்."

பூட்ஸைத் தரையில் வைத்தார். "மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்யாயிரும். இந்தக் காலு ராத்திரியில இல்லாத எடத்துல அரிக்கும்போது உங்க ஞாபகம் வரும், திட்டுவேன். ஆளு தெரியாம டாக்டரத் திட்டிக்கிட்டிருந்தேன், இனிமே உங்களத் திட்டிக்கறேன். உங்க மாஸ்டர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

"சரி சார்."

"இன்னும் ஆறு மாசத்துல செயற்கைக் காலு வருது. அதுக்கும் எட்டாம் நம்பர்தான் கேட்டிருக்கேன். அதுக்குக் கடியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அதனால இடதுக்கு யாரும் நடக்க வேணாம்." காகிதத்தில் நான் வரைந்த ஒற்றைப் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சர்வேயர் இல்லையா, கோடு சரியாக மூடவில்லை என்று பென்சிலை வாங்கி அவரே சேர்த்தார். "வலதுக்கு நடங்க. இதுதான் எனக்கு இருக்கறது. பஞ்சோட நடங்க."

"நானா சார்?"

"பின்ன, இந்தக் காலத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கான்?"

மாஸ்டரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து மறுபடி எடுத்துக்கொண்டார். "பசை பூசுங்க" என்றார். "நடை இனிமே வேணாம். அவரு கேட்டதுனால அவருக்கு மட்டும். அந்த ஒண்ணு." அவர் குரலை உயர்த்தவில்லை. என் இடத்தில் பேக்கிங் ஆளைப் போட்டார். அவனுக்கு ஏழரை நம்பர் கால். இரண்டு காலுறை போட்டுக்கொண்டு பலகையில் தொம்தொம்மென்று நடந்தான். முதல் நாள் மிஷின்காரம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

திருக்கைத் தோல் கிடைக்க இந்தத் தடவை நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் மதியங்களில் பசை டப்பாவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழங்கால் இறுகிப்போயிற்று. நடக்காமல் இருப்பது இவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியாது.

தைத்து முடித்த அன்று மாஸ்டர் இடது பூட்ஸில் காகிதம் திணித்து நேராகப் பெட்டியில் வைத்தார். வலதை என் முன்னால் வைத்தார். பஞ்சு உருண்டையை அவர் பார்க்க அடைத்துக் காட்டினேன். அவர் தானும் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பலகையில் ஏறினேன். வலதில் பூட்ஸ், இடது வெறுங்கால். பூட்ஸின் குதி ஒன்றரை அங்குலம். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, துடுப்பு ஒன்று தொலைந்த படகு மாதிரி போனேன். வலதுகாலுக்கு டொக்கென்று சத்தம் வந்தது. இடதுக்கு ஒன்றும் வரவில்லை.

மிஷின் நின்றது.

"அண்ணே, அந்தக் காலுக்கு உங்க செருப்பையாவது போட்டுக்கங்க. இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

"வேணாம்மா."

"ஏன், செருப்பு கோவிச்சுக்குமா?"

"அவரு இப்படித்தாம்மா போறாரு, ஒத்தச் செருப்புல."

அவள் என்ன நினைத்தாளோ, மறுபடி மிஷினை ஓட்டவில்லை. கையால் முடிக்கவேண்டிய தையல் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சுவர் வரை போய்த் திரும்பினேன். அந்த மணி நேரம் முழுக்கப் பட்டறையில் என் ஒரு காலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.